எஞ்சின் இருக்கிறது, ஓடுகிறதா?

இடக்கொச்சியில் மழைக்காலம் வந்தால் துணி காயாது. போன வருடம் ஈரத்துணி உடுத்தி இடுப்பில் படர்தாமரை வந்துவிட்டது. மருந்துக் கடையில் சொல்லி, ஃப்ளூகோனசோல் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டேன். அரிப்பு நின்றது. பத்தாம் நாள் காலை பல் தேய்த்தபோது ஈறில் கசிந்த ரத்தம் நிற்கவில்லை. எங்கும் இடித்துக்கொள்ளாமலே தொடையில் நீலம் பாரித்திருந்தது.

அன்பர்களிடம் ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். கடைக்காரரிடமும் அதைத்தான் சொல்லாமல் விட்டேன். இதயத் துடிப்பு சீராக இல்லாததால், ரத்தம் கட்டியாகாமல் இருக்க மூன்று வருடமாக வார்ஃபரின் சாப்பிட்டு வருகிறேன். அந்த வைத்தியம் மதுரையில், ஃபைலும் மதுரையில். நம்மில் பலருக்கும் இதே கதைதான்: பெரிய வியாதிக்கு ஊர் டாக்டர், சில்லறை வியாதிக்கு இங்குள்ள டாக்டர். ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரியில் ஐ.என்.ஆர். பரிசோதனை செய்தார்கள். எனக்கு 2-க்கும் 3-க்கும் இடையில் இருக்கவேண்டிய எண் 8-ஐத் தாண்டியிருந்தது. வார்ஃபரினை நிறுத்தி, வைட்டமின் கே கொடுத்து, நான்கு நாள் படுக்க வைத்தார்கள். கசிவு தலைக்குள் நடந்திருந்தால் என் பெயர் இந்த இதழில் வேறு பக்கத்தில், கறுப்புக் கட்டத்துக்குள் வந்திருக்கும்.

மருந்து ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் என் தம்பி மகள் பார்க்க வந்தாள். "பெரியப்பா, வார்ஃபரினை உடைச்சுக் கழிக்க உங்க ஈரல்ல ஒரு நொதி இருக்கு. ஃப்ளூகோனசோல் அதோட கையைக் கட்டிப் போட்டுடுச்சு" என்றாள். அந்த நொதியின் பெயர் சி.ஒய்.பி. 2சி9. 1960-களின் தொடக்கத்தில் ஒமுரா, சாத்தோ என்ற ஜப்பானியர்கள் ஆராய்ந்து பெயரிட்ட 'பி450' குடும்பத்தைச் சேர்ந்தது. கார்பன் மோனாக்சைடு சேர்ந்தால் 450 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சும் நிறமி என்பதால் அந்தப் பெயர்.

கண்ணுக்குத் தெரியாத நொதி இருப்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று கேட்டேன். ஆன்டிபாடி என்னும் எதிர்ப்பொருளை வைத்துத்தானாம். நொதியின் ஒரு துண்டை முயலுக்கு ஊசி மூலம் செலுத்தினால், அந்நியன் வந்துவிட்டான் என்று அதன் உடல் எதிர்ப்பொருள் தயாரிக்கும். ஈரல் திசுவை அரைத்து, அதிலுள்ள புரதங்களை ஜெல்லில் மின்சாரம் பாய்ச்சி ஓடவிடுகிறார்கள். சிறியது முன்னே ஓடும், பெரியது பின்தங்கும். பிறகு ஒரு மெல்லிய தாளில் ஒற்றியெடுத்து எதிர்ப்பொருளை விட்டால், அது தன் நொதியை மட்டும் தேடிப் பற்றிக்கொள்ளும். அந்த இடம் கோடாகத் தெரியும். கோடு அடர்த்தியாக இருந்தால் நொதி அதிகம்.

இதற்கு 'வெஸ்டர்ன் பிளாட்' என்று பெயர் என்றதும் சதர்ன் ரயில்வேக்காரனான எனக்குச் சிரிப்பு வந்தது. 1975-இல் டி.என்.ஏ.வுக்கு இதுபோன்ற முறையை வெளியிட்டவர் எட்வின் சதர்ன். அவர் பெயரை வைத்து வேடிக்கையாக ஆர்.என்.ஏ.வுக்கு நார்தர்ன், புரதத்துக்கு வெஸ்டர்ன் என்று சூட்டிவிட்டார்களாம். மண்டலம் பிரிப்பதில் நம் ரயில்வே போர்டையே மிஞ்சிவிட்டார்கள்!

ஆனால் எதிர்ப்பொருளும் ஏமாறும். 2சி9-க்கு 2சி19 என்று ஒரு பங்காளி உண்டு. இருவரும் 490 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலிகள், அதில் 43 இடங்களில்தான் வேற்றுமை. துண்டைக் கவனித்துத் தேர்ந்தெடுக்காவிட்டால் எதிர்ப்பொருள் இரண்டையும் பிடித்துக்கொள்ளும்.

"அப்படியானால் என் ஈரலில் அன்று சோதித்திருந்தால் கோடு மங்கியிருக்குமா?" என்றேன். "இல்லை பெரியப்பா, கோடு எப்போதும்போலத்தான் இருந்திருக்கும். நொதி அங்கேயேதான் இருக்கு, வேலைதான் செய்யலை" என்றாள். எனக்கு உடனே புரிந்தது. ஷெட் கணக்கில் பத்து எஞ்சின் என்று எழுதியிருப்பார்கள். எத்தனை லைனுக்குப் போகும் என்பது ஃபோர்மேனைக் கேட்டால்தான் தெரியும்.

பிறவியிலேயே இந்த எஞ்சின் மெதுவாக ஓடுகிறவர்களும் உண்டு. அந்தச் சங்கிலியில் 359-ஆவது கண்ணி ஒன்று மாறினாலே போதும், சாதாரண அளவு வார்ஃபரின்கூட அவர்களுக்கு அதிகமாகிவிடும். புதுச்சேரி ஜிப்மர் மருந்தியல் துறையினர் 2003-இல் தமிழ்நாட்டு மக்களிடமும், 2005-இல் கேரளம் உட்படத் தென்னிந்திய மக்களிடமும் இதைப் பார்த்து வெளியிட்டார்கள். தென்னிந்தியரிடம் அந்த மரபணுப் பிரதிகளில் நூற்றுக்கு 8 அளவு இந்த மாறிய வகைதான். இதற்கு ஈரலைக் கிள்ள வேண்டாம், கொஞ்சம் ரத்தத்தில் மரபணுவைப் பார்த்தால் போதும். எதிர்ப்பொருள் சோதனைக்கு ஈரல் திசுவே வேண்டும். அதனால் அது ஆய்வுக்கூடத்தோடு நிற்கிறது. நம்மைப் போன்றவர்களுக்கு ஐ.என்.ஆர். தான் கார்டின் பச்சைக்கொடி.

தம்பி மகள் ஊருக்குப் போகுமுன் ஒரு அட்டையில் மலையாளத்திலும் தமிழிலும் 'வார்ஃபரின் சாப்பிடுபவர்' என்று எழுதி என் சட்டைப்பையில் வைத்தாள். மதுரை ஃபைலின் நகல் இப்போது இங்குள்ள டாக்டரிடமும் இருக்கிறது. படர்தாமரை இந்த மழைக்கும் வந்தது. இந்த முறை டாக்டர் ஃபைலைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரு களிம்பு எழுதினார். போன வாரம் ஐ.என்.ஆர். 2.4.