தீபாவளி வரை பொறுக்காத இதயம்

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசுத் தொழிலாளர் வீடுகளில் பெரிய செலவு வந்தால் "தீபாவளி முடியட்டும்" என்பார்கள். சீசனில் ஒருநாள் வேலையை விட்டாலும் கூலி போய்விடும். ஆனால் இதயக் குறையோடு பிறந்த குழந்தைக்கு அந்தத் தவணை கிடையாது.

ஆயிரம் குழந்தைகளில் எட்டு, ஒன்பது குழந்தைகளுக்கு இதயத்தில் ஏதாவது குறை இருக்கும். எல்லாவற்றுக்கும் அறுவைசிகிச்சை தேவைப்படாது. சிறு ஓட்டைகள் பல தானாகவே மூடிக்கொள்ளும். மேலறைகளுக்கு நடுவிலுள்ள ஓட்டை பெரும்பாலும் 2 முதல் 4 வயது வரை பொறுக்கும். கீழறைகளுக்கு நடுவே பெரிய ஓட்டை என்றால் பொதுவாக 3 முதல் 6 மாதத்துக்குள் மூட வேண்டும். பெரிய ரத்தக்குழாய்கள் இரண்டும் இடம் மாறியிருந்தால் முதல் சில வாரங்கள்தான் அவகாசம்.

ஏன் இந்த அவசரம்? பெரிய ஓட்டை இருந்தால் அதன் வழியே நுரையீரலுக்கு அளவுக்கு மீறி ரத்தம் பாய்கிறது. அந்த அழுத்தத்தில் அங்குள்ள ரத்தக்குழாய்கள் தடித்து இறுகிவிட்டால், பிறகு ஓட்டையை மூடுவதே உயிருக்கு ஆபத்து. "முதலில் எடை ஏறட்டும்" என்று வீட்டில் தள்ளிப்போடுவது இதனால்தான் தவறு. பல குழந்தைகளுக்கு எடை ஏறாமல் இருப்பதே அந்த ஓட்டையால்தான்.

பால் குடிக்கும்போது நெற்றி வியர்க்கிறதா? விட்டுவிட்டுக் குடித்து மூச்சு வாங்குகிறதா? அடிக்கடி சளி, நிமோனியா வருகிறதா? உடனே எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுக்கக் கேளுங்கள். உதடும் நாக்கும் நீலமானால் 108-ஐ அழையுங்கள். உரம் விழுந்திருக்கிறது, தொக்கம் எடுக்கலாம் என்று நாளைக் கடத்த வேண்டாம். பிறந்து 24 மணி நேரத்துக்குப் பிறகு கையிலும் காலிலும் ஆக்சிஜன் அளவு பார்த்தால், வெளியே தெரியாத சில கொடிய குறைகள்கூடச் சிக்கும். வலியில்லாத சோதனை, வீட்டுக்கு அனுப்புமுன் கேட்டு வாங்குங்கள்.

செலவை நினைத்து ஒதுங்கவும் வேண்டாம். 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டக் குழு அங்கன்வாடிக்கே வந்து குழந்தைகளைப் பரிசோதிக்கிறது. சிகிச்சைச் செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது; அதில் சேரக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று பெற்று, குடும்ப அட்டையுடன் ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். ஆலையில் இ.எஸ்.ஐ. பதிவு இருந்தால் அந்த வழியையும் விசாரியுங்கள்.

மருத்துவரிடம் இரண்டு கேள்விகளைத் தவறாமல் கேளுங்கள்: இது எந்த வகைக் குறை? எந்தத் தேதிக்குள் சிகிச்சை முடிய வேண்டும்? பதிலைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். உங்கள் சிகிச்சை ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002 நடத்தை விதி. இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்பதும் உங்கள் உரிமை. மருத்துவமனையில் காத்திருப்பு வரிசை அந்தத் தேதியைத் தாண்டினால், காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்த வேறு மருத்துவமனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். காப்பீட்டில் அனுமதியான சிகிச்சைக்குத் தனியாகப் பணம் கேட்டால் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் அன்றே புகார் செய்யுங்கள்.