ஓப்பன் சோர்ஸ்: தண்ணி எல்லாருக்கும், சரி. குளத்தை யார் தூர்வாருறது?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

இந்த எபிசோடை தென்காசியில எங்க வீட்டு மாடியில உக்காந்து ரெக்கார்ட் பண்றேன். பின்னாடி விசுவிசுன்னு ஒரு சத்தம் கேட்டா மைக் பிரச்சினை இல்ல. குற்றாலத்துல சீசன், இங்க சாரல் காத்து. ஒரு மாசம் ஒர்க் ஃப்ரம் ஹோம் வாங்கிட்டு ஊருக்கு வந்திருக்கேன்.

ஊருக்கு வந்ததும் பழைய நண்பர்களோட ஒரு சண்டை திரும்ப ஆரம்பிச்சது. எங்க வீட்டிலிருந்து பைக்ல போற தூரத்துலதான் மத்தளம்பாறை. அங்கதான் ஸோஹோவோட ஆபீஸ். அதனால அந்தக் கம்பெனி பத்தின எந்தச் சண்டையும் எங்களுக்கு உள்ளூர்ச் சண்டை மாதிரிதான்.

என்ன சண்டை?

2025 மார்ச் மாசம், மத்திய அரசோட மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் நடத்தின இந்திய பிரவுசர் உருவாக்கும் போட்டியில ஸோஹோ முதல் பரிசு வாங்கினாங்க. 1 கோடி ரூபாய். அவங்ககிட்ட ஏற்கெனவே உலான்னு ஒரு பிரவுசர் இருக்கு, 2023-ல வெளியிட்டது. அது குரோமியத்து மேல கட்டினது. குரோமியம்னா கூகுள் குரோமுக்கு அடித்தளமா இருக்குற ஓப்பன் சோர்ஸ் புராஜெக்ட்.

உடனே இணையம் ரெண்டாப் பிரிஞ்சது. ஒரு பக்கம், "இது சுதேசி பிரவுசர், பெருமைப்படுங்க". இன்னொரு பக்கம், "கூகுள் கோடை எடுத்து பெயின்ட் அடிச்சிருக்காங்க, இதுல என்ன சுதேசி?" 2023 ஜனவரியில பார்ஓஎஸ் வந்தப்பவும் இதே சண்டை நடந்தது. சென்னை ஐஐடியில வளர்ந்த ஒரு நிறுவனம் ஆண்ட்ராய்டோட ஓப்பன் சோர்ஸ் கோடை வெச்சு செஞ்ச மொபைல் ஓஎஸ் அது.

எனக்கு ரெண்டு பக்கமும் தப்பான கேள்வியைக் கேக்குறாங்கன்னு தோணுது. "சொந்தமா, காப்பியா?" அப்படிங்கறது கேள்வியே இல்ல. ஏன்னு சொல்றேன்.

பிரவுசர் இன்ஜினோட வம்சாவளி

ஒரு பிரவுசர்ல கஷ்டமான பகுதி அதோட இன்ஜின். எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் எல்லாத்தையும் படிச்சு, திரையில பக்கமா வரையற பகுதி. லட்சக்கணக்கான வரி கோட். இன்னைக்கு உலகத்துல பெரிய அளவுல ஓடுற இன்ஜின் மூணுதான்: கூகுளோட பிளிங்க், ஆப்பிளோட வெப்கிட், மொசில்லாவோட கெக்கோ. மைக்ரோசாஃப்ட்கிட்டயே தனி இன்ஜின் இருந்தது. 2018 டிசம்பர்ல அதைக் கைவிட்டு குரோமியத்துக்கு மாறப் போறோம்னு அறிவிச்சாங்க. மைக்ரோசாஃப்ட்டே தாங்க முடியாம விட்ட செலவு இது.

அப்போ கூகுள் மட்டும் பூஜ்ஜியத்திலிருந்து எழுதினாங்களா? இல்ல.

1998 வாக்குல கேடிஇ அப்படிங்கற லினக்ஸ் டெஸ்க்டாப் குழு, கேஎச்டிஎம்எல்னு ஒரு இன்ஜினை ஆரம்பிச்சாங்க. பெரும்பாலும் தன்னார்வலர்கள். ஆப்பிள் அந்தக் கோடை எடுத்து, 2003 ஜனவரியில சஃபாரியை அறிமுகப்படுத்தினாங்க. அந்த இன்ஜின்தான் வெப்கிட். 2008-ல கூகுள் குரோம் வந்தப்போ அதுவும் வெப்கிட் மேலதான் ஓடுச்சு. 2013 ஏப்ரல்ல கூகுள் வெப்கிட்டிலிருந்து பிரிஞ்சு பிளிங்க்னு தனியாப் போனாங்க.

இன்னைக்கும் குரோம் ஒரு வெப்சைட்டுக்குப் போகும்போது தன்னை அறிமுகப்படுத்திக்கிற யூசர் ஏஜென்ட் வரியில கேஎச்டிஎம்எல்ங்கற பேர் இருக்கும். தாத்தா பேர் இன்னும் ரேஷன் கார்டுல இருக்குற மாதிரி.

ஆக, "மத்தவன் கோடை எடுத்துட்டான்" அப்படின்னா ஆப்பிளும் எடுத்தவங்கதான், கூகுளும் எடுத்தவங்கதான். எடுக்கறது குத்தம் இல்ல. ஓப்பன் சோர்ஸ் அப்படித்தான் வளருது.

லைசென்ஸ் ஓகே, நியாயம்?

சுவாரசியமான விஷயம் இனிமேதான். கேஎச்டிஎம்எல்லோட லைசென்ஸ் எல்ஜிபிஎல். இந்த லைப்ரரியில நீ மாத்தினதை வெளியிட்டா, மாத்தின கோடையும் வெளியிடணும்னு அது சொல்லுது. ஆப்பிள் சட்டப்படி வெளியிட்டாங்க. எப்படி? மாசக்கணக்கா உள்ளே வேலை பார்த்துட்டு, மொத்தமா ஒரு பெரிய மூட்டையா. எந்த மாற்றம் எதுக்காகங்கற வரலாறு கூட இல்லாம. அந்த மூட்டையிலிருந்து கேடிஇ ஆட்களால எதையும் எளிதா உருவி எடுத்துக்க முடியல. ஆனா வெளியில இருக்குறவங்க, "ஆப்பிள்தான் கோட் குடுத்துட்டாங்களே, நீங்க ஏன் இன்னும் சேர்க்கல?"ன்னு கேடிஇ ஆட்களையே கேட்டாங்க. அவங்க வெளிப்படையாக் குமுறினாங்க. 2005 ஜூன்ல ஆப்பிள் வெப்கிட்டை முழுத் திறந்த புராஜெக்ட்டா மாத்தி, கோட் வரலாறு, பிழைப் பட்டியல் எல்லாத்தையும் பொதுவுல வெச்சாங்க.

கவனிங்க: 2005-க்கு முன்னாடியும் ஆப்பிள் லைசென்ஸை மீறல. ஆனா நியாயமா நடந்துக்கல. லைசென்ஸ் வேற, நியாயம் வேற.

குரோமியத்துல பெரும்பகுதி பிஎஸ்டி லைசென்ஸ். அது இன்னும் தாராளம். காப்புரிமைக் குறிப்பை வெச்சிரு, எங்க பேரைச் சொல்லி விளம்பரம் பண்ணாத, மத்தபடி எடுத்துக்க, வித்துக்க. அப்போ சட்டம் கேக்காத இடத்துல நியாயத்தை யார் கேக்கறது?

குளத்தங்கரையில ஒரு பாடம்

போன வாரம் பெரியப்பாகூட வயலுக்குப் போனேன். இந்தச் சண்டையை அவருக்குப் புரியற மாதிரி விளக்க முயற்சி பண்ணேன். "ஒருத்தர் எழுதினதை உலகமே சும்மா எடுத்துக்கலாம், பெரியப்பா." அவர் கேட்டது ஒண்ணுதான்: "எடுக்கட்டும்ல, தண்ணி பொதுதான. குளத்தை யாரு பாக்கா?"

எங்க ஊர்ல தண்ணி கதை இதுதான். மலையில பெய்யற மழை தேனருவி, செண்பகாதேவி, பேரருவின்னு இறங்கி, சிற்றாறா ஓடி, வழியெல்லாம் கால்வாய்லயும் குளத்துலயும் பிரிஞ்சு, கடைசியில சீவலப்பேரிகிட்ட தாமிரபரணியில சேருது. அருவியில குளிக்க யாரும் யாருக்கும் வாடகை குடுக்கறதில்ல. ஆனா குளம் தானா நிக்காது. கரை உடையும், மடை அடைக்கும், வண்டல் சேரும். அதுக்குத்தான் குடிமராமத்து. அந்தக் குளத்துல பாசனம் பண்றவங்களே ஆள் அனுப்பி தூர்வாரணும். இந்த வழக்கம் தேய ஆரம்பிச்சப்போ, 1858-ல சென்னை மாகாணத்துல சட்டமே போட்டு அதைக் கட்டாயமாக்கினாங்க. வராதவங்ககிட்ட பணம் வசூலிக்கவும் அதுல வழி இருந்தது.

சாஃப்ட்வேர்லயும் நாம இதே பாஷைதான் பேசறோம். மூல புராஜெக்ட்டுக்கு அப்ஸ்ட்ரீம், எடுத்துப் பயன்படுத்தறவங்களுக்கு டவுன்ஸ்ட்ரீம். நம்ம ஊர்ல சொன்னா தலைமடை, கடைமடை.

ஒரு வித்தியாசம் உண்டு. தண்ணி எடுத்தா குறையும். கோட் குறையாது. கோடிப் பேர் டவுன்லோட் பண்ணாலும் அப்படியே இருக்கும். அதனாலதான் "சும்மாதானே கிடைக்குது"ன்னு தோணுது. ஆனா குறையற ஒண்ணு இருக்கு: அதைப் பராமரிக்கிற ஆளோட நேரமும் தெம்பும். இதை நான் கத்துக்கிட்டது என் தப்புலதான்.

என் நாப்பது வரி

சில வருஷம் முன்னாடி, ஒரு கம்பெனியில பில்லை பிடிஎஃப்பா மாத்தற வேலை. அதுக்கு ஒரு ஓப்பன் சோர்ஸ் லைப்ரரி. அதைப் பாத்துக்கிட்டது ஒரே ஒரு மெயின்டெயினர். தமிழ்ப் பேர் வந்தா கொம்பு இடம் மாறி விழும். "கொடி"ங்கறது கண்றாவியா வரும். நான் உள்ளே புகுந்து ஒரு நாப்பது வரி மாத்தி சரி பண்ணேன். அதை மூலப் புராஜெக்ட்டுக்கு அனுப்பலாமான்னு மேனேஜர்கிட்ட கேட்டேன். "லீகல் அப்ரூவல் வாங்கணும், விடு"ன்னார். விட்டுட்டேன்.

எட்டு மாசம் கழிச்சு அந்த லைப்ரரிக்கு செக்யூரிட்டி அப்டேட் வந்தது. போட்டே ஆகணும். போட்டா என் நாப்பது வரி அதுல பொருந்தல. வெள்ளிக்கிழமை ராத்திரி, பில் எல்லாம் உடைஞ்சு போச்சு. கோவத்துல அந்த மெயின்டெயினருக்கு எழுதினேன்: எத்தனை வருஷமா இந்திய மொழி உடையுது, எப்போ சரி பண்ணுவீங்க, எங்க புரொடக்ஷன் நிக்குது.

ஞாயித்துக்கிழமை பதில் வந்தது. பொறுமையா எழுதியிருந்தார். "வேலை முடிஞ்ச நேரத்துலதான் இதைப் பார்க்கிறேன். எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. சரியா வந்தா எப்படி இருக்கும்னு ஒரு படம் அனுப்ப முடியுமா?"

அவர் படம் கேட்கிறார். அதுக்கான தீர்வே எட்டு மாசமா என் லேப்டாப்ல தூங்குது. அவ்வளவு வெக்கமா இருந்தது. மன்னிப்புக் கேட்டு, அனுமதி வாங்கி, அந்த நாப்பது வரியை டெஸ்ட்டோட அனுப்பினேன். ரெண்டு நாள்ல சேர்த்தார். கொஞ்ச நாள் கழிச்சு யாரோ ஒருத்தர், மலையாளமும் இப்போ சரியா வருதுன்னு நன்றி சொல்லியிருந்தார். எங்க ஊர்ல புளியரை தாண்டினா மலையாளம்தான். என் மூளைக்கு அது எட்டவே இல்ல.

மாசம் 50 டாலர் அவருக்கு ஸ்பான்சர் பண்ணலாம்னு அடுத்து கேட்டேன். "ஃப்ரீதானே, எதுக்குக் காசு?" அதோட முடிஞ்சது.

குளம் உடைஞ்சா என்ன ஆகும்?

2014 ஏப்ரல்ல ஹார்ட்பிளீட்னு ஒரு ஓட்டை வெளிய வந்தது. ஓப்பன்எஸ்எஸ்எல்ங்கற லைப்ரரியில. இணையத்துல பாதுகாப்பா தகவல் அனுப்ப எண்ணற்ற சர்வர்கள் நம்பி இருந்தது அதைத்தான். அந்தப் புராஜெக்ட்டுக்கு அப்போ வந்த நன்கொடை வருஷத்துக்குச் சுமார் 2000 டாலர். முழுநேர ஆள் ஒருத்தர். அதுக்கப்புறம்தான் பெரிய கம்பெனிகள் சேர்ந்து நிதி திரட்டினாங்க.

2024 மார்ச்ல எக்ஸ்இசட் சம்பவம். தனி ஆளா ஒருத்தர் பாத்துக்கிட்ட கம்ப்ரஷன் டூல் அது. "ஏன் இவ்வளவு லேட், முடியலன்னா வேற ஆள்கிட்ட குடு"ன்னு நெருக்கடி குடுக்கற மெயில்கள் அவருக்கு வந்தது. களைச்சுப் போனவர், ரெண்டு வருஷமா உதவி பண்ற மாதிரி நடிச்ச ஒருத்தருக்குப் பொறுப்பைப் பகிர்ந்தார். அந்த ஆள் பின்கதவு வெச்சுட்டான். பெரிய சேதம் ஆகறதுக்கு முன்னாடி ஒரு இன்ஜினியர் தற்செயலாக் கண்டுபிடிச்சார். அந்த வெள்ளிக்கிழமை ராத்திரி நான் எழுதின மெயிலும் இதே ஜாதிதான்னு அப்போ உறைச்சது.

இன்னொரு விளைவு, தலைமடைக்காரன் ஷட்டரை மூடறது. மாங்கோடிபி 2018-ல, எலாஸ்டிக் 2021-ல, ரெடிஸ் 2024-ல லைசென்ஸை இறுக்கினாங்க. பெரிய கிளவுட் கம்பெனிகள் எங்க உழைப்பை எடுத்து வித்துட்டு எதுவும் திருப்பித் தர்றதில்லங்கறது அவங்க குறை. ரெடிஸ் மூடினதும் வால்கீன்னு ஒரு பிரிவு கிளம்புச்சு. எலாஸ்டிக்கும் ரெடிஸும் பிறகு ஏஜிபிஎல்லையும் ஒரு வாய்ப்பாச் சேர்த்தாங்க.

நல்ல செய்தியும் இருக்கு. 2024 அக்டோபர்ல பெங்களூருவோட ஸீரோதா, ஃப்ளாஸ் ஃபண்ட்னு ஒண்ணை ஆரம்பிச்சு, உலகம் முழுக்க ஓப்பன் சோர்ஸ் புராஜெக்ட்டுகளுக்கு வருஷம் 10 லட்சம் டாலர் தர்றோம்னு அறிவிச்சாங்க. குடிமராமத்துக்கு ஆள் அனுப்பற மாதிரிதான் இது.

அப்போ உலா?

திரும்ப ஆரம்பிச்ச இடத்துக்கு வர்றேன். எந்தக் கம்பெனியா இருந்தாலும் மூணு கேள்வி கேளுங்க. ஒண்ணு, யார் கோடுன்னு ஒளிக்காம சொல்றாங்களா? ரெண்டு, தாங்க சரி பண்ணினதை, மத்தவங்க பயன்படுத்தற மாதிரி மேல அனுப்புறாங்களா? மூணு, சம்பாதிக்கிறதுல கொஞ்சமாவது பராமரிக்கிறவங்களுக்குப் போகுதா?

முதல் கேள்விக்கு உலா பாஸ். குரோமியம் மேல கட்டினதுன்னு வெளிப்படையாச் சொல்றாங்க. மத்த ரெண்டையும் ஸோஹோகிட்ட கேக்க நமக்கு உரிமை இருக்கு. அதே மூச்சுல நம்ம ஆபீஸ்லயும் கேக்கணும். ஸோஹோவைத் திட்டின என் நண்பன் வேலை பாக்கற கம்பெனியோட பாதி புராடக்ட் ஓப்பன் சோர்ஸ்ல ஓடுது. அவங்க இதுவரைக்கும் ஒரு வரி கூட மேல அனுப்பினதில்ல. இதைக் கேட்டதும் அவன் டீயைக் குடிச்சுட்டு கிரிக்கெட் பேச ஆரம்பிச்சுட்டான்.

உங்களுக்கு ஒரு சின்ன வேலை. நாளைக்கு உங்க புராஜெக்ட்டோட டிபென்டென்சி லிஸ்ட்டைத் திறங்க. அதுல ஒரே ஒருத்தர் பராமரிக்கிற லைப்ரரி எதுன்னு பாருங்க. நீங்க லோக்கலா சரி பண்ணி வெச்சிருக்குறது ஏதாவது இருந்தா அனுப்புங்க. எதுவும் இல்லன்னா டாகுமென்டேஷன்ல ஒரு பிழை திருத்துங்க. அதுவும் இல்லன்னா, பிழை சொல்லும்போது மரியாதையாச் சொல்லுங்க. அதுக்கு லீகல் அப்ரூவல் தேவையில்ல.

நீங்க எந்த லைப்ரரியைக் கண்டுபிடிச்சீங்கன்னு எனக்கு எழுதுங்க, அடுத்த எபிசோட்ல பேசுவோம். சாரல் பலமாயிடுச்சு, மைக்கை எடுத்துட்டு உள்ளே ஓடணும். வரட்டா!