பவளப்பாறைக்குப் பதம் பார்ப்பது எப்படி?

கோவிலூர்ப் பக்கத்துக் கல்யாண வீடுகளில் பின்கட்டில் வரிசையாக அடுப்பு மூட்டி, அண்டா அண்டாவாகச் சோறு வடிப்பார்கள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது அங்கே போதாது. ஓர் அடுப்பில் விறகு நன்றாகப் பிடித்திருக்கும், அடுத்ததில் புகைந்துகொண்டிருக்கும். ஒரே அண்டாவில் அடி குழைந்து, மேல் அரிசி விறைத்திருக்கும். அதனால் அடுப்படியில் நிற்பவர் ஒவ்வோர் அண்டாவிலும் மேலே, நடுவே, ஓரத்தில் எனக் கரண்டி விட்டு எடுத்து நசுக்கிப் பார்ப்பார்.

மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே 21 தீவுகள். 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. அவற்றில் இரண்டு மூழ்கிவிட்டன. இந்தத் தீவுகளைச் சுற்றியுள்ள பவளப்பாறைகளின் நலத்தை அறியவும் இதே வழிதான்.

முதலில் மூடியைத் திறந்து ஒரு சுற்று

எந்த அண்டா எந்த நிலையில் இருக்கிறது என்று முதலில் ஒரு நோட்டம் விட வேண்டும். கடலில் அதற்கு மெதுவாகப் போகும் படகின் பின்னால் கயிற்றில் ஒரு பலகையைக் கட்டுவார்கள். முகமூடியும் மூச்சுக்குழலும் அணிந்த ஆய்வாளர் அதைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தபடி மிதப்பார். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை படகு நிற்கும். கண்டதைப் பலகையில் குறிப்பார். பாறை எங்கே செழித்திருக்கிறது, எங்கே நொறுங்கிக் கிடக்கிறது என்ற வரைபடம் இப்படிக் கிடைக்கிறது.

பிறகு கரண்டி

அடுத்து முத்துக்குளிப்போர் போல் இறங்க வேண்டியதுதான். முதுகில் காற்றுக் கலன் இருக்கும். பாறைமேல் 20 மீட்டர் அளவுநாடாவை விரிப்பார்கள். நாடாவுக்கு நேர் கீழே உயிருள்ள பவளம், செத்த பவளம், பாசி, மணல், உடைசல் ஒவ்வொன்றும் எத்தனை சென்டிமீட்டர் என்று எழுதுவார்கள். 2,000 சென்டிமீட்டரில் 500 உயிருள்ள பவளம் என்றால், அந்த இடத்தில் 25 சதவீதம். ஒரு நாடா ஒரு கரண்டிதான். ஆகவே வெவ்வேறு ஆழங்களில், தீவின் கரைப்பக்கமும் கடல்பக்கமும் பல முறை விரிப்பார்கள். சதுரச் சட்டம் வைத்து, புதிதாக ஒட்டி வளரும் குஞ்சுப் பவளங்களையும் எண்ணுவார்கள். அவை இல்லாத பாறைக்கு அடுத்த தலைமுறை இல்லை.

நிறத்தை மட்டும் நம்பக் கூடாது

வேகாத அரிசியும் வெள்ளை, வெந்த சோறும் வெள்ளை, நசுக்கினால்தான் தெரியும். பவளத்துக்கும் அப்படியே. பவள உயிரியின் உடலுக்குள் நுண்ணிய பாசிகள் வாழ்கின்றன. பவளத்துக்கு உணவில் பெரும்பங்கும் நிறமும் அவை தருபவை. ஏப்ரல் முதல் ஜூன் வரை நீர் அளவுக்கு மீறிச் சூடானால் பவளம் பாசிகளை வெளியேற்றி வெளுக்கும். வெளுத்தது செத்தது என்று பொருளல்ல. சூடு சீக்கிரம் தணிந்தால் பாசிகள் திரும்பும். எலும்பின் மேல் தசை இன்னும் மூடியிருக்கிறதா, அல்லது வெற்று எலும்பில் புல்பாசி படர்ந்துவிட்டதா என்று கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். வெளுப்பின் அளவை அறிய, நிறப்படிகள் அச்சிட்ட அட்டையைப் பவளத்தின் அருகே பிடித்து ஒப்பிடுவதும் உண்டு.

அதே அண்டாவுக்குத் திரும்ப

ஒருமுறை பார்த்தால் இன்றைய பதம் மட்டுமே தெரியும். சரிகிறதா, தேறுகிறதா என்று அறிய, ஜிபிஎஸ் குறித்த அதே இடத்துக்கு, அதே முறையோடு, ஆண்டுதோறும் போக வேண்டும். தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனம் 2003 முதல் அப்படிப் போய்வருகிறது. அதனால்தான் 2016ஆம் ஆண்டின் வெப்பம் செய்த சேதத்தைச் சொல்ல முடிகிறது: உயிருள்ள பவளப் பரப்பு சுமார் 39 சதவீதத்திலிருந்து சுமார் 23 சதவீதமாகக் குறைந்தது. கிளைவிட்டு வேகமாக வளரும் அக்ரோபோரா போன்றவை மிகுதியாக மடிந்தன. பாறாங்கல்லாகத் திரளும் போரைட்டீஸ் ஓரளவு தாக்குப்பிடித்தது.

அந்தச் சராசரி மட்டும் இருந்திருந்தால் நமக்கு வருத்தம்தான் மிஞ்சியிருக்கும். எந்தத் தீவில், எந்த ஆழத்தில், எந்த இனம் பிழைத்தது என்ற குறிப்புகளும் இருப்பதால், பவளத் துண்டுகளை எங்கே நட்டு மீட்கலாம், எங்கே நங்கூரமும் இழுவலையும் விழாமல் காக்க வேண்டும் என்று முடிவெடுக்க முடிகிறது. கணக்கெடுப்பு கடலைக் குளிர்விக்காது. நம் கையில் உள்ள மற்றச் சுமைகளை எங்கே முதலில் இறக்க வேண்டும் என்று அது காட்டுகிறது. அந்த வேலைக்கு ஆண்டு தவறாமல் ஆளும் பணமும் தருவது நம் கடமை.