சத்திரசிகிச்சைக்குப் பின் எழும் வினா: பெருங்குடற் புற்றுநோயும் இரசாயனச் சிகிச்சையும்

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய லிங்கநகரில் தையற்றொழில் செய்து வாழும் ஐம்பத்தைந்து வயதுப் பெண்ணொருவரை உதாரணமாகக் கொள்வோம். அவரது பெருங்குடலில் இருந்த புற்றுக்கட்டி சத்திரசிகிச்சை மூலம் அகற்றப்பட்டுவிட்டது. காயம் ஆறிவிட்டது. “எல்லாவற்றையும் எடுத்தாயிற்று” என வைத்தியரும் கூறிவிட்டார். சில வாரங்களின் பின்னர் அதே வைத்தியர் இரசாயனச் சிகிச்சை பற்றிப் பேசத் தொடங்குகிறார். எல்லாவற்றையும் எடுத்தாயிற்று என்றால் இம்மருந்து எதற்கு என்னும் வினா அவர் மனத்தில் எழுவது இயல்பே. அறியாமையால் எழும் வினாவென்று அதனை ஒதுக்கிவிடல் ஆகாது. மருத்துவ ஆய்வாளர்கள் அரை நூற்றாண்டுக்கு மேலாக விடைதேடி வரும் வினாவும் இதுவேயாகும்.

சத்திரவைத்தியர் அகற்றுவது கண்ணுக்கும் கைக்கும் புலப்படும் கட்டியையே. அதற்கு முன்னரே சில கலங்கள் குருதியிலோ நிணநீரிலோ கலந்து வேறிடம் சென்றிருக்கக்கூடும். அவற்றை எந்தப் படப்பிடிப்பும் காட்டாது. அவை உளவா இலவா என்பதனை ஊகிக்க உதவும் முதன்மையான சான்று இழையநோயியல் அறிக்கையாகும். கட்டி குடற்சுவரில் எவ்வளவு ஆழம் ஊடுருவியுள்ளது, அருகிலுள்ள நிணநீர்க்கணுக்களில் புற்றுக்கலங்கள் உளவா என்னும் இரண்டுமே அதில் முக்கியமானவை. குடலின் கீழ்ப்பகுதிப் புற்றுநோயை இவ்வடிப்படையில் வகைப்படுத்தும் முறையை இலண்டன் சென் மார்க்ஸ் வைத்தியசாலையின் நோயியலாளர் கத்பேட் டியூக்ஸ் 1932இல் வெளியிட்டார். இன்றைய படிநிலைகள் அவ்வழி வந்தவையே. கணுக்கள் தூயனவாயின் இரண்டாம் படிநிலை (மிக மேலோட்டமான கட்டியாயின் முதலாம் படிநிலை). கணுக்களிற் புற்று இருப்பின் மூன்றாம் படிநிலை. குறைந்தது பன்னிரண்டு கணுக்களேனும் பரிசோதிக்கப்பட்டிருத்தல் வேண்டும். நான்கைந்து கணுக்களை மட்டும் பார்த்துவிட்டுத் தூயன என்று கூறும் அறிக்கையை நாம் முழுதும் நம்புவதற்கில்லை.

மூன்றாம் படிநிலையைப் பொறுத்தவரை விடை பெருமளவு தெளிவாகிவிட்டது. புளோரோயுராசில் என்னும் மருந்தை சார்ள்ஸ் ஹைடெல்பேகரும் அவர்தம் சகாக்களும் 1957இல் அறிமுகம் செய்தனர். எனினும் சத்திரசிகிச்சைக்குப் பின் அதனைக் கொடுத்துப் பயன் கண்டதற்கு உறுதியான சான்று 1990இலேயே கிடைத்தது. அமெரிக்காவில் மோர்ட்டெல் குழுவினரின் ஆய்வில், அம்மருந்தை லெவாமிசோலுடன் சேர்த்துப் பெற்றோரிடையே இறப்பு ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைந்தது. லெவாமிசோல் பின்னர் கைவிடப்பட்டது. 2246 நோயாளரைக் கொண்டு நடத்தப்பட்டு 2004இல் வெளியான மொசைக் ஆய்வு, ஒக்சாலிபிளாட்டின் என்னும் மருந்தையும் சேர்ப்பதனால் மேலும் நன்மை உண்டெனக் காட்டியது. மூன்றாம் படிநிலையினருள் ஆறு ஆண்டுகளின் பின் உயிருடன் இருந்தோர், பழைய முறையில் நூற்றுக்கு 68.7 பேர், புதிய முறையில் 72.9 பேர். எழுபது வயதைக் கடந்தோரில் இம்மேலதிக நன்மை ஐயத்திற்குரியது.

இரண்டாம் படிநிலையிலேதான் சிக்கல் தோன்றுகிறது. அதே மொசைக் ஆய்வில் இப்படிநிலையினருக்கு ஒக்சாலிபிளாட்டினைச் சேர்த்ததால் உயிர்வாழ்வில் வேறுபாடு எதுவும் ஏற்படவில்லை. பிரித்தானியாவில் நடத்தப்பட்டு 2007இல் வெளியான குவேசார் ஆய்வில் பங்குகொண்ட 3239 பேரில் பெரும்பாலோர் இரண்டாம் படிநிலையினரே. அதன் முடிவை நூறு பேரைக் கொண்டு விளக்கலாம். சத்திரசிகிச்சை மட்டும் பெற்ற நூறு பேரில் எண்பது பேர் ஐந்தாண்டுகளின் பின் உயிருடன் இருப்பர் எனக் கொள்வோம். நூறு பேருக்கும் புளோரோயுராசில் கொடுத்தால் அத்தொகை எண்பத்து மூன்று அல்லது எண்பத்து நான்கு ஆகும். ஆகவே எண்பது பேர் மருந்தின்றியும் பிழைத்திருக்கக்கூடியவர்கள். மருந்தின் துன்பத்தை மட்டுமே அவர்கள் பெறுகின்றனர். ஏறத்தாழப் பதினாறு பேருக்கு மருந்தும் உதவுவதில்லை. மூன்று அல்லது நான்கு பேரே அதனாற் காப்பாற்றப்படுகின்றனர். அவர்கள் யாவர் என்பதனை முன்கூட்டியும் அறிய இயலாது, பின்னரும் அறிய இயலாது. இச்சிறு தொகையைப் பெரிதென மதித்து மருந்தை ஏற்பவரும் அறிவுடையவரே. சிறிதெனக் கருதி மறுப்பவரும் அறிவுடையவரே. இவ்விடத்தில் மறுப்பவரைப் பிடிவாதக்காரர் என்று கடிந்துகொள்வது மருத்துவமன்று, அதிகாரம்.

இருளைச் சிறிது நீக்கும் குறிகள் சில உள. கட்டி குடலின் வெளிச்சுவரையும் ஊடுருவியிருத்தல், குடல் அடைபட்டோ துளைபட்டோ அவசர சத்திரசிகிச்சை நிகழ்ந்திருத்தல் என்பன மருந்தின் பக்கம் தராசைச் சாய்ப்பவை. மாறாக, கட்டியின் மரபணுத் திருத்தற் பொறிமுறை பழுதுற்றிருப்பின் இரண்டாம் படிநிலையில் நோய் மீளும் வாய்ப்புக் குறைவு. புளோரோயுராசிலைத் தனியே கொடுப்பதாற் பயனுமில்லை. அவுஸ்திரேலியாவில் நடத்தப்பட்டு 2022இல் வெளியான ஆய்வொன்று, குருதியில் மிதக்கும் புற்றுநோய் டி.என்.ஏயை அளந்து மருந்து தேவைப்படுவோரைத் தெரிவு செய்தது. மருந்து பெற்றோர் தொகை நூற்றுக்கு 28இலிருந்து 15ஆகக் குறைந்தது. நோய் மீள்வது கூடவில்லை.

இனி மருந்தின் விலையை நோக்குவோம். பணம் அவ்விலையின் ஒரு பகுதி மட்டுமே. வயிற்றோட்டம், வாய்ப்புண், வெண்குருதிக்கலங்கள் குறைதல் என்பன பெரும்பாலும் கடந்துபோகும். எனினும் மருந்துக் காலத்திற் காய்ச்சல் கண்டால் விடியும்வரை காத்திராது வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும். ஒக்சாலிபிளாட்டின் விளைவிக்கும் விரல் விறைப்போ வேறு வகையானது. முதலில் குளிர்நீரைத் தொடுகையில் மின்பாய்ந்தாற்போற் கூசும். பின்னர் உணர்ச்சி மங்கும். சிலருக்கு அது ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். ஊசியில் நூல் கோப்பவருக்கும், பொத்தான் தைப்பவருக்கும், வலை பொத்துபவருக்கும் இது பக்கவிளைவு என்னும் சொல்லுள் அடங்காது, பிழைப்பையே பாதிப்பது. வேலைத்தலத்தைப் பற்றிக் கேளாது மருந்தை எழுதும் வழக்கத்தை நாம் குறைபாடாகவே கருதுகின்றோம்.

இவ்விடயத்தில் 2018இல் வெளியான ஐடியா கூட்டாய்வு உழைக்கும் மக்களுக்குப் பெரும் நன்மை செய்துள்ளது. மூன்றாம் படிநிலையினர் 12834 பேரின் தரவுகளை அது ஒன்று சேர்த்தது. குறிப்பிடத்தக்க நரம்புப் பாதிப்பு ஆறு மாதம் மருந்து பெற்றோரில் ஏறத்தாழ அரைவாசிப் பேருக்கு ஏற்பட்டது. மூன்று மாதம் பெற்றோரில் ஆறில் ஒரு பங்கினருக்கே ஏற்பட்டது. ஒன்று முதல் மூன்று கணுக்களே பாதிக்கப்பட்டு, கட்டி வெளிச்சுவரைத் தாண்டாதோருக்கு, ஒக்சாலிபிளாட்டினுடன் கப்பெசிற்றபின் மாத்திரை சேர்ந்த முறையில் மூன்று மாதமே போதுமானதாக இருந்தது. இம்முறையில் மூன்று வாரத்துக்கு ஒரு தடவை, மொத்தம் நான்கு தடவைகள் மருந்து ஏற்றப்படும். மாத்திரைகளை வீட்டிலேயே உட்கொள்ளலாம். இரு வாரத்துக்கு ஒருமுறை, ஏறத்தாழ இரு நாட்கள் தொடர்ந்து மருந்து ஏற்றும் முறையை ஆறு மாதம் பெறுவதாயின் பன்னிரண்டு தடவைகள். ஊர் வைத்தியசாலையிலேயே மருந்து ஏற்ற இயலுமாயின் நன்று. இயலாதவிடத்து மட்டக்களப்புக்கோ, தெல்லிப்பழைக்கோ, ஏறத்தாழ 260 கிலோமீற்றர் தொலைவிலுள்ள மகரகமைக்கோ போதல் வேண்டும். நான்கு பயணத்துக்கும் பன்னிரண்டு பயணத்துக்கும் இடையிலுள்ள வேறுபாடு கூடவரும் மகனின் நாட்கூலியாலும் அளக்கப்படுவது.

இலங்கையில் அரச வைத்தியசாலைகளில் இச்சிகிச்சை இலவசம் என்பது எளிதிற் கிடைத்த பேறன்று. பேராசிரியர் சேனக்க பிபிலேயின் முயற்சியால் 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றியது. வணிகப் பெயரை விடுத்து மருந்தின் பொதுப்பெயரால் வாங்குக என்னும் அவரது கொள்கை, பன்னாட்டு நிறுவனங்களுக்கு உவப்பாக இருக்கவில்லை. நாம் மேலே குறித்த புளோரோயுராசில், ஒக்சாலிபிளாட்டின், கப்பெசிற்றபின் மூன்றும் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவை. எனினும் 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் புற்றுநோய் மருந்துகளுக்கும் தட்டுப்பாடு நேர்ந்தது. ஆகவே தொடங்கும் மருந்து இடையில் அறாது கிடைக்குமா என்று வைத்தியரிடம் வினவுவது நோயாளியின் உரிமை.

மொழியும் இம்முடிவோடு தொடர்புடையது. இழையநோயியல் அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும். தொலைவிலுள்ள கிளினிக்கில் நிகழும் சில நிமிட உரையாடல் பெரும்பாலும் சிங்களத்தில் அமையும். யாழ்ப்பாணத்தில் வைத்தியர் சாமுவேல் கிறீன் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, 1867இல் ‘இரணவைத்தியம்’ என்னும் சத்திரசிகிச்சை நூலையும் தமிழில் வெளியிட்டார். ஒன்றரை நூற்றாண்டின் பின்னரும் நம் நோயாளியின் அறிக்கைக்குப் பொருள்கூற மருமகனோ அயலாரோ தேவைப்படுகின்றனர். பொருள்கூறுபவர் பல வேளைகளில் “புற்று” என்னும் சொல்லையே விழுங்கிவிடுகின்றார். அன்பினாற் செய்யப்படும் இம்மறைப்பு, முடிவெடுக்க வேண்டியவரை முடிவிலிருந்து அகற்றிவிடுகின்றது. தம் விரல்களுக்கும் தம் ஆயுளுக்கும் இடையே தெரிவு செய்ய வேண்டியவர் அப்பெண்ணே.

அவருக்குக் காலம் அதிகமில்லை. மருந்து தொடங்குவதாயின் சத்திரசிகிச்சையிலிருந்து ஆறு தொடக்கம் எட்டு வாரங்களுக்குள் தொடங்குதல் விரும்பத்தக்கது. மிகப் பிந்தினாற் பயன் குறையும். அடுத்த கிளினிக் நாளில் அவர் தம் வாயாலேயே கேட்கவேண்டியவை சில: எத்தனை கணுக்கள் பரிசோதிக்கப்பட்டன, எத்தனையிற் புற்று இருந்தது, என்னைப் போன்ற நூறு பேரில் இம்மருந்தால் எத்தனை பேர் பிழைப்பர், மூன்று மாதம் போதாதா, விரல் விறைத்தால் ஒக்சாலிபிளாட்டினை மட்டும் நிறுத்தலாமா. கடைசி வினாவுக்குப் பெரும்பாலும் ஆம் என்பதே விடை. மருந்தை ஏற்பினும் மறுப்பினும் குருதிப் பரிசோதனையும் படப்பிடிப்பும், ஓராண்டளவிற் குடலின் அகநோக்கிப் பரிசோதனையும் தொடர்தல் வேண்டும்.