மனவடு: பெயர் சொல்லிப் பேசுவோம்

காலில் மண்வெட்டி பட்டால் காயம் ஆறிய பின்பும் தழும்பு நிற்கும். அதைக் காட்ட எவரும் வெட்கப்படுவதில்லை. மனதில் பட்ட காயத்தை மட்டும் நாம் மறைக்கிறோம். 'விசர்' என்று ஊர் சொல்லிவிடும், பிள்ளைகளுக்குக் கலியாணம் பேச வரமாட்டார்கள் என்ற பயமே காரணம்.

மன்னார் மக்கள் பட்ட காயங்கள் கொஞ்சமல்ல. 1990 ஒக்டோபரில் மன்னார்த் தீவின் முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். 1999 நவம்பர் 20 இல் மடுத் திருப்பதியில் தஞ்சமடைந்திருந்தோர் மத்தியில் ஷெல் விழுந்து 30 இற்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2006 யூனில் பேசாலை தேவாலயத்தில் அடைக்கலம் தேடியோர் தாக்கப்பட்டனர். 2007 இல் முள்ளிக்குளம் மக்கள் வயலையும் கடலையும் விட்டு வெளியேறினர். யுத்தம் 2009 இல் முடிந்தது. ஆயினும் பலருக்கு நிம்மதியான நித்திரை இன்னும் வரவில்லை.

இதற்கு வைத்தியத்தில் ஒரு பெயர் உண்டு. முதலாம் உலகப் போரில் சிப்பாய்களிடம் இதைக் கண்டவர்கள் 'ஷெல் அதிர்ச்சி' என்றனர். 1980 இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் இதைத் தனியொரு நோயாக ஏற்றது. தமிழில் 'நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய்' என்கிறோம். நெருக்கீடு என்பது மனதைத் தாங்க முடியாதபடி அழுத்துவது. மனவடு என்பது அது விட்டுச் செல்லும் தழும்பு. உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1993 இல் 'மனவடு' என்ற பெயரிலேயே தமிழில் நூல் எழுதினார்.

அடையாளங்கள் மூன்று. முதலாவது, நடந்தது மீண்டும் நடப்பது போலிருத்தல்: திருநாள் வெடிச் சத்தம் கேட்டதும் பங்கரைத் தேடுவது, கனவில் அலறி எழும்புவது. இரண்டாவது, தவிர்த்தல்: சம்பவம் நடந்த வயல் பக்கம் போகாதிருப்பது, அந்தப் பேச்சு வந்தால் எழும்பிப் போவது. மூன்றாவது, ஓயாத விழிப்பு: சிறு சத்தத்துக்கும் திடுக்கிடுவது, காரணமின்றிப் பிள்ளைகள் மீது சீறுவது. இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, வேலையையும் குடும்பத்தையும் குழப்பினால் வைத்தியரைக் காண வேண்டும். இழப்புக்காக அழுவதெல்லாம் நோயல்ல. ஒரே ஷெல்லுக்குத் தப்பிய எல்லோருக்கும் இது வருவதுமில்லை.

நம்மவர்கள் இதை வேறு சொற்களில் சொல்வார்கள்: 'நெஞ்சு பதைக்குது', 'தலையிடி', 'உடம்பெல்லாம் உளைவு', 'ஒரே யோசனை'. இவை பொய்யல்ல, மனதின் வேதனை உடம்பில் பேசுகிறது. ஆனால் தலையிடி என்று மட்டும் சொன்னால் தலையிடிக் குளிசை மட்டுமே கிடைக்கும். 'இன்ன சம்பவத்துக்குப் பிறகுதான் தொடங்கியது, நித்திரை இல்லை' என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த ஒரு வசனம் வைத்தியருக்கு வழி காட்டும். நித்திரைக்கென்று சாராயத்தை நாடுவோர் உண்டு. அது நித்திரையையும் குடும்பத்தையும் சேர்த்தே கெடுக்கும்.

வீட்டார் செய்யக்கூடியவை உண்டு. 'மறந்துவிடு' என்று சொல்லாதீர்கள்; சொல்லச் சொல்லி வற்புறுத்தவும் வேண்டாம். பக்கத்தில் இருங்கள், சொல்ல வந்தால் கேளுங்கள். செபமாலையோ திக்ரோ மந்திரமோ, மூச்சை நிதானப்படுத்தி மெல்லச் சொல்வது பதற்றத்தைத் தணிக்கும். ஆயினும் செபம் வைத்தியத்துக்குப் பதிலல்ல. உளவளத்துணையாலும் தேவையானபோது மருந்தாலும் இந்நோயைக் குணப்படுத்தலாம். மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். 'செத்தால் நல்லது' என்று ஒருவர் சொன்னால் தனியே விடாதீர்கள். 1926 என்ற தேசிய உளநல இலக்கத்துக்கு உடனே அழையுங்கள்.

நிலம் திரும்பக் கிடைப்பதும், காணாமற்போனவர் பற்றி உண்மை தெரிவதும் மனம் ஆறுவதற்கு வேண்டியவை. அவற்றைக் கேட்டுக்கொண்டே இருப்போம். அதுவரையில் நம் வீட்டில் நித்திரையின்றித் தவிப்பவரை விசர் என்று சொல்லாமல், காயப்பட்டவர் என்று சொல்லப் பழகுவோம்.