நாயின் சிறுநீர் சொல்லும் சேதி

பத்து வயதைத் தாண்டிய நாய் அடிக்கடி சிறுநீர் கழிக்கிறது. ஒவ்வொரு முறையும் முக்குகிறது. இரத்தமும் தெரிகிறது. கிளினிக்கில் பெரும்பாலும் தொற்று என்று ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள். இரத்தம் நிற்கும், நமக்கும் நிம்மதி. ஆனால், சில வாரங்களில் அதே தொல்லை திரும்பினால் மறுபடியும் அதே மாத்திரையோடு விட்டுவிடாதீர்கள்.

சிறுநீர்ப்பைப் புற்றுநோயும் இதே அறிகுறிகளைத்தான் காட்டும். கட்டி உள்ள இடத்தில் தொற்றும் சேர்ந்துகொள்ளும் என்பதால், மருந்து கொடுத்ததும் தற்காலிகமாகச் சுகம் தெரியும். அதற்குள் கட்டி வளர்ந்துவிடும். நாய்களுக்கு வரும் புற்றுநோய்களில் இது 100-க்கு 1 அல்லது 2 மட்டுமே. ஆனால், பெரும்பாலும் சிறுநீர்ப்பையின் கழுத்துப் பகுதியில் வருவதால் முழுமையாக வெட்டி எடுப்பது கடினம்.

சிறுநீரிலேயே தடயம்

2015-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு முக்கியத் தடயத்தைக் கண்டுபிடித்தார்கள். இந்தப் புற்றுநோய் வந்த நாய்களில் 100-க்குச் சுமார் 80 முதல் 85 வரை, 'பிராஃப்' என்ற மரபணுவில் ஒரே மாதிரியான மாற்றம் இருந்தது. மனிதர்களின் ஒருவகைத் தோல் புற்றுநோயிலும் இதற்கு இணையான மாற்றம் உண்டு.

கட்டியிலிருந்து உதிரும் அணுக்கள் சிறுநீரில் கலப்பதால், அதைச் சோதித்தாலே மாற்றம் தெரிந்துவிடும். இரத்தமோ கிருமியோ கலந்திருந்தாலும் முடிவு குழம்பாது. பழைய சிறுநீர்ப் பரிசோதனை ஒன்றில் அந்தக் குறை இருந்தது. இன்னொரு நன்மையும் உண்டு. வயிற்றில் ஊசி குத்திக் கட்டியைச் சோதித்தால், ஊசி போன வழியில் புற்றணுக்கள் பரவக்கூடும். சிறுநீரை வெளியே பிடித்தால் அந்தப் பயமில்லை. நீளக் காம்புள்ள சுத்தமான கரண்டி போதும்.

மாற்றம் தெரியவில்லை என்றால் நோயே இல்லை என்று அர்த்தமில்லை. மீதி 15 முதல் 20 நாய்களின் கட்டியில் அது இருக்காது. மாற்றம் தெரிந்தாலும், கட்டி எங்கே, எவ்வளவு பெரிது என்று அல்ட்ராசவுண்டில்தான் பார்க்க வேண்டும்.

யார் கவனிக்க வேண்டும்?

ஸ்காட்டிஷ் டெரியர் இனத்துக்கு மற்ற நாய்களைவிட 18 முதல் 20 மடங்கு ஆபத்து அதிகம். பீகிள், வெஸ்ட் ஹைலேண்ட் டெரியர், ஷெட்லண்ட் ஷீப்டாக் வளர்ப்பவர்களும் கவனமாக இருங்கள். களைக்கொல்லி தெளித்த புல்வெளியில் நாயை விடாதீர்கள். ஸ்காட்டிஷ் டெரியர்களை ஆராய்ந்த பர்டியூ பல்கலைக்கழகம், அதற்கும் இந்நோய்க்கும் தொடர்பு இருப்பதாக 2004-இல் தெரிவித்தது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. ஸ்ரீ கெம்பாங்கானை ஒட்டிய செர்டாங்கில், புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை இருக்கிறது. நாட்டின் முதல் கால்நடை மருத்துவப் பீடம் 1970-களில் தொடங்கியதும் அங்கேதான். உங்கள் கிளினிக்கில் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். மரபணுப் பரிசோதனைக்கு மாதிரியை எங்கே அனுப்புவது, எவ்வளவு செலவாகும் என்பதையும் முன்கூட்டியே விசாரியுங்கள்.

இந்நோய் முழுதாகக் குணமாவது அரிது. ஆனாலும் பைராக்சிகாம் போன்ற மருந்துகளும் கீமோதெரபியும் பல நாய்களுக்கு மாதக்கணக்கில், சிலவற்றுக்கு ஓராண்டுக்கு மேலும், நல்ல வாழ்க்கையைத் தருகின்றன. வாயில்லா ஜீவனால் வலியைச் சொல்ல முடியாது. இரண்டாம் முறை இரத்தம் தெரிந்தால், அதற்காக நீங்கள்தான் கேட்க வேண்டும்: "டாக்டர், இது வெறும் தொற்றுதானா?"