‘ஆட்டோ’ பொத்தானுக்கு என்ன தெரியும்?

பினாங்கு வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற காரில் ஏறி உட்காருகிறீர்கள். அப்பா ஏர்கோனின் ‘ஆட்டோ’ பொத்தானை அழுத்தி 24 டிகிரியில் வைக்கிறார். விசிறி பேரிரைச்சலோடு சுழல்கிறது. சிறிது நேரத்தில் தானாகவே அடங்கிவிடுகிறது. சாலை திரும்பி, வெயில் முன்கண்ணாடியில் நேராக விழுந்ததும், யாரும் தொடாமலே விசிறி மீண்டும் வேகமெடுக்கிறது. பினாங்குப் பாலத்திற்குப் போகும் வழியில் நெரிசலில் நிற்கும்போது, வெளி வெப்பநிலை 38 டிகிரி என்று காரின் திரை காட்டுகிறது. கைப்பேசியோ 32 என்கிறது. மழை கொட்டி ஊரே குளிர்ந்திருக்கும் நேரத்திலும் ஏர்கோன் ஓய்வதில்லை.

கார் கெட்டுவிட்டதா? பெரும்பாலும் இல்லை. இந்த விநோதங்கள் எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றுதான். தானியங்கிக் குளிர்சாதனம் உங்களைப்போல் வெயிலையும் புழுக்கத்தையும் உணர்வதில்லை. காரில் பொருத்தியுள்ள சில உணரிகள் எதை அளக்கின்றனவோ, அது மட்டுமே அதற்குத் தெரியும். அவை அளக்காத எதுவும் அதற்குத் தெரியாது. மாணவர்களே, இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் காரின் போக்கு விளங்கிவிடும். சில நேரங்களில் உயிரைக் காக்கவும் இது உதவும்.

கையின் வேலையை ஏற்ற இயந்திரம்

கதை ஒரு வகுப்பறையில் தொடங்குகிறது. அமெரிக்காவின் விஸ்கோன்சின் மாநிலத்தில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்றில் வாரன் ஜோன்சன் என்பவர் பேராசிரியராக இருந்தார. குளிர்காலத்தில் பணியாளர் ஒருவர் வகுப்பு வகுப்பாக வந்து வெப்பநிலையைப் பார்த்துவிட்டு, கீழே இறங்கிப்போய்ச் சூடேற்றும் அமைப்பைச் சரிசெய்வார். பாடம் நடுவில் தடைப்படும். அறையின் வெப்பநிலை மாறினால் மணியடித்துப் பணியாளருக்குத் தெரிவிக்கும் மின்கருவியை ஜோன்சன் உருவாக்கினார். 1883-இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார்.

கார்களுக்குக் குளிர்சாதனம் வந்தது பிறகுதான். 1940-ஆம் ஆண்டின் பேக்கர்ட் கார்களில் அது கிடைத்தது. ஆனால், அதை நிறுத்த வேண்டுமென்றால் இயந்திரத்தை அணைத்து, முன்மூடியைத் திறந்து, கம்ப்ரசரைச் சுழற்றும் பட்டையைக் கையால் கழற்ற வேண்டும்! வேண்டிய வெப்பநிலையை வைத்துவிட்டு மற்றதை மறந்துவிடும் வசதி, 1964-ஆம் ஆண்டின் காடிலாக் கார்களில் வந்தது.

சாதாரண ஏர்கோன் உள்ள காரில் நீங்கள்தான் கட்டுப்பாட்டுக் கருவி. குளிர்ந்தால் குறைக்கிறீர்கள், புழுங்கினால் கூட்டுகிறீர்கள். தானியங்கி அமைப்பில் சிறு கணினி ஒன்று அந்த வேலையைச் செய்கிறது. இப்போது எவ்வளவு, வேண்டியது எவ்வளவு, இடைவெளி எவ்வளவு என்று ஓயாமல் கணக்கிட்டு, இடைவெளியைக் குறைக்கப் பார்க்கிறது. இதற்கு எதிர்மறைப் பின்னூட்டு என்று பெயர். நம் உடல் வியர்த்தும் நடுங்கியும் 37 டிகிரியைக் காப்பதும் இதே முறையில்தான்.

காரின் நான்கு உணரிகள்

முதலாவது உள்வெப்ப உணரி. பல கார்களில் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில், விரல் நகமளவு துளைத்தட்டு ஒன்று இருக்கும். அதன் பின்னால் தெர்மிஸ்டர் இருக்கிறது. வெப்பம் ஏறினால் அதன் மின்தடை குறையும். அதை வைத்துக் கணினி வெப்பநிலையைக் கண்டுகொள்ளும். காரின் காற்று அதன்மீது படுவதற்காகச் சிறு குழாயோ குட்டி விசிறியோ காற்றை உள்ளே இழுக்கும். அந்தத் துளையில் தூசி அடைத்தாலும், கைப்பேசித் தாங்கியைக் கொண்டுபோய் அதன்மேல் மாட்டினாலும், உணரி காற்றை விட்டுவிட்டுப் பக்கத்துப் பிளாஸ்டிக்கின் சூட்டை அளக்கத் தொடங்கிவிடும். பிறகு 24 என்று வைத்தால் உறைய வைக்கும். அல்லது வேக வைக்கும்.

இரண்டாவது வெளிவெப்ப உணரி. இது பெரும்பாலும் முன்பக்க பம்பருக்குப் பின்னால் இருக்கிறது. கார் ஓடும்போது புதுக்காற்று அதன்மேல் படுவதால் சரியாக அளக்கும். நெரிசலில் நிற்கும்போதோ, தார்ச்சாலையின் சூடும் இயந்திரத்தின் சூடும் அதைச் சூழ்ந்துகொள்கின்றன. 38 என்று காட்டுவது பொய்யல்ல. பம்பருக்குப் பின்னால் உண்மையிலேயே 38 டிகிரிதான், ஊரில்தான் 32. பாலத்தில் ஏறி வேகமெடுத்ததும் எண் மெல்ல இறங்குவதைப் பாருங்கள். இந்தக் குறை பொறியாளர்களுக்கும் தெரியும். அதனால், கார் நிற்கும்போது எண் திடீரென ஏறினால் அதை உடனே நம்பாதபடி பல கார்களின் கணினிகளை அமைத்திருக்கிறார்கள்.

மூன்றாவது வெயில் உணரி. முன்கண்ணாடியின் கீழே, டாஷ்போர்டின் மேல், கறுப்புப் பொட்டுபோல் இருக்கும். இது ஒளியை மின்னோட்டமாக மாற்றும் ஒளி டையோடு, அதாவது ஒரு குறைக்கடத்தி. 1972-இலிருந்து பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையை வளர்த்தது குறைக்கடத்தித் தொழில்தான். நம்மில் பலருடைய அம்மாவோ சித்தியோ அங்கே வேலை பார்த்திருப்பார்கள்.

வெயிலை ஏன் தனியாக அளக்க வேண்டும்? காற்று 24 டிகிரியில் இருந்தாலும், வெயில் நேராக மேலே பட்டால் நமக்குச் சுடும். கதிர்வீச்சு காற்றைச் சூடாக்கிவிட்டு நம்மிடம் வருவதில்லை. நேரே தோலுக்கு வருகிறது. அதனால் வெயில் பட்டதுமே, உள்காற்று சூடேறும்வரை காத்திராமல், கணினி விசிறியை முடுக்குகிறது. அந்தப் பொட்டின்மேல் டிஷு பெட்டியையோ பொம்மையையோ வைத்தால், நண்பகலிலும் கார் இருட்டில் ஓடுவதாக நினைத்துக்கொள்ளும்.

நான்காவது உணரி, மெக்கானிக்குகள் ‘கூலிங் காயில்’ என்று சொல்லும் ஆவியாக்கியில் இருக்கிறது. காற்று குளிர்வது இங்கேதான். காயில் 0 டிகிரிக்குக் கீழே போனால் அதன்மேல் உள்ள நீர் உறைந்து, காற்று போகும் வழியை அடைத்துவிடும். அதைத் தடுக்க, சில டிகிரி மேலே இருக்கும்போதே கம்ப்ரசர் நிறுத்தப்படும் அல்லது அதன் வேகம் குறைக்கப்படும். பல கார்களில் அவ்வப்போது கேட்கும் ‘டக்’ என்ற ஓசை இதனால் வருவதுதான்.

18-இல் வைத்தால் சீக்கிரம் குளிருமா?

சூடான காரில் ஏறியதும் எண்ணை 18-க்கு இறக்குவது பலரின் பழக்கம். அதனால் பயன் மிகக் குறைவு. உள்ளே 50 டிகிரி இருக்கும்போது, 24 கேட்டாலும் 18 கேட்டாலும் இடைவெளி பெரியதுதான். இரண்டுக்கும் அமைப்பு தன் முழு ஆற்றலோடுதான் உழைக்கும். பாலத்தைத் தாண்டி ஈப்போவுக்குப் போனாலும் கோலாலம்பூருக்குப் போனாலும், பாலத்தில் போகக்கூடிய வேகம் ஒன்றுதான். எங்கே நிறுத்துவது என்பது மட்டுமே மாறும். 18-இல் வைத்தவர் இருபது நிமிடம் கழித்து நடுங்குவார், அவ்வளவுதான்.

எண்ணை இன்னும் இறக்கினால் சில கார்களில் ‘லோ’ என்று வரும். அது ஒரு வெப்பநிலை அல்ல. ‘கணக்குப் பார்க்காதே, முழுமூச்சாகக் குளிர வை’ என்ற கட்டளை.

சீக்கிரம் குளிர எளிய வழி உண்டு. முதல் ஒரு நிமிடம் கண்ணாடிகளை இறக்கி, உள்ளே தேங்கிய சூடான காற்றை வெளியே விரட்டுங்கள். பிறகு கண்ணாடிகளை ஏற்றிவிட்டு ‘ஆட்டோ’வில் விடுங்கள்.

மழையிலும் ஏன் ஏர்கோன்?

குளிர்சாதனத்தின் முதல் வேலை குளிர வைப்பதே அல்ல. 1902-இல் வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர், நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் இருந்த ஓர் அச்சகத்துக்காக அதை வடிவமைத்தார். காற்றின் ஈரத்தால் காகிதம் விரிந்து சுருங்கி, வண்ணங்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் போயின. ஈரத்தைக் கட்டுப்படுத்துவதுதான் அவர் ஏற்ற வேலை.

கடல் சூழ்ந்த பினாங்கில் இது இன்னும் பெரிய வேலை. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 31 டிகிரியில் 70 விழுக்காடு ஈரப்பதம் உள்ள 1 கிலோகிராம் காற்றில் சுமார் 20 கிராம் நீராவி இருக்கும். அதை 10 டிகிரிக்குக் குளிர்வித்தால் 8 கிராம்தான் தங்கும். மீதி 12 கிராம் நீராகிவிடும். காற்றை மட்டும் 21 டிகிரி குளிர்விக்க ஏறக்குறைய 21 கிலோஜூல் வெப்பத்தை அகற்ற வேண்டும். 12 கிராம் நீராவியை நீராக்கவோ 29 கிலோஜூல் அகற்ற வேண்டும். ஆக, பாதிக்கும் மேற்பட்ட உழைப்பு நீராவிக்கே போய்விடுகிறது! நிறுத்திய காரின் அடியில் சொட்டும் தண்ணீர் அந்த உழைப்பின் அடையாளம். அது ஒழுகல் அல்ல.

மழையில் ஏர்கோன் ஓடுவதும் இதற்காகத்தான். நம் மூச்சும் நனைந்த உடைகளும் உள்காற்றில் ஈரத்தைக் கூட்டுகின்றன. மழையில் குளிர்ந்த கண்ணாடியின் உட்புறத்தில் அது நீர்த்துளியாகப் படிந்து பார்வையை மறைக்கிறது. காற்றை உலர்த்தினால் மூட்டம் விலகும். கண்ணாடி மூட்டத்தை நீக்கும் பொத்தானை அழுத்தியதும் பல கார்களில் ஏர்கோன் தானாகவே இயங்கத் தொடங்குவது இதனால்தான்.

ஆனால், மூட்டம் வெளிப்புறத்திலும் படியலாம். நம் ஊர்க் காற்றின் பனிநிலை பெரும்பாலும் 24, 25 டிகிரியை ஒட்டி இருக்கிறது. அதாவது, அந்த வெப்பநிலைக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பொருள்மீதும் வெளிக்காற்றின் நீராவி படியும். ஐஸ் மைலோ குவளையின் வெளிப்புறம் வியர்ப்பதுபோல, உள்ளிருந்து குளிர்காற்று வீசப்படும் முன்கண்ணாடியும் வெளியே வியர்க்கிறது. இந்த நேரத்தில் எண்ணை 18-இல் வைத்துக்கொண்டு மூட்டம் நீக்கும் பொத்தானை அழுத்தினால் நிலைமை மோசமாகும். எந்தப் பக்கம் என்று அறிவது எளிது. வைப்பர் துடைத்ததும் போனால் வெளிமூட்டம். காற்று கண்ணாடியில் படாமல் திருப்பி, வெப்பநிலையைச் சற்றுக் கூட்டுங்கள். வைப்பருக்குப் போகாவிட்டால் உள்மூட்டம். ஏர்கோனோடு காற்றைக் கண்ணாடிக்குத் திருப்புங்கள்.

உணரிக்குத் தெரியாதது

இவ்வளவு நேரம் பார்த்த விநோதங்கள் தொல்லை தருபவை மட்டுமே. இனிச் சொல்வது அப்படியல்ல.

வெயிலில் ‘ஆட்டோ’வை அழுத்தியதும் பல கார்கள் வெளிக்காற்றை அடைத்துவிட்டு, உள்காற்றையே சுழற்றும். ஏற்கெனவே உலர்ந்து குளிர்ந்த காற்றை மீண்டும் குளிர்விப்பது எளிது அல்லவா? ஆனால் ஐந்து பேர் நெடுநேரம் பயணம் செய்தால் மூச்சிலிருந்து வரும் கார்பன் டைஆக்சைடு உள்ளே சேரும். வெளிக்காற்றில் அது 0.04 விழுக்காடு, நாம் விடும் மூச்சில் சுமார் 4 விழுக்காடு, ஏறத்தாழ நூறு மடங்கு. அது கூடக்கூடத் தலை கனக்கும், தூக்கம் வரும். வண்டி ஓட்டுபவருக்கு அது ஆகாது. நீண்ட பயணத்தில் அவ்வப்போது வெளிக்காற்றை உள்ளே விடச் சொல்லுங்கள்.

இதைவிடக் கொடியது கார்பன் மோனாக்சைடு. பெருநாள் காலத்தில் ஊருக்குப் போகும் வழியில், ஓய்விடத்தில் காரை நிறுத்தி, இயந்திரத்தையும் ஏர்கோனையும் ஓடவிட்டு, கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு தூங்குபவர்களைப் பார்த்திருப்பீர்கள். புகைபோக்கிக் குழாயில் விரிசல் இருந்தாலோ, காற்றோட்டமில்லாத இடத்தில் கார் நின்றாலோ, புகை உள்ளே கசியலாம். இந்த வாயுவுக்கு நிறமோ மணமோ இல்லை. இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினோடு ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தூங்குபவர் விழிக்காமலே போகலாம். நம் நாட்டில் இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. அப்போதும் திரை 24 டிகிரி என்றுதான் காட்டிக்கொண்டிருக்கும். நாம் பார்த்த நான்கு உணரிகளில் ஒன்றுகூட இந்த வாயுவை அளப்பதில்லை. ஓய்வெடுக்க வேண்டுமென்றால் இயந்திரத்தை அணைத்து, கண்ணாடிகளை இறக்கி, நிழலில் படுங்கள்; அல்லது காரைவிட்டு இறங்கி ஓய்விடத்துக் கொட்டகையில் உட்காருங்கள்.

தம்பி தங்கையைக் காரில் விட்டுவிட்டுக் கடைக்குள் போவதும் கூடாது. ‘ஏர்கோன் ஓடுகிறதே’ என்று நம்ப வேண்டாம். இயந்திரம் நின்றால் அதுவும் நின்றுவிடும். வெயிலில் நிறுத்திய கார்களை அமெரிக்காவின் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்து, 2005-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரு மணி நேரத்தில் உள்வெப்பநிலை சராசரியாக 22 டிகிரி ஏறியது. அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணியிலேயே ஏறிவிட்டது. கண்ணாடியைச் சற்று இறக்கி வைத்ததால் பெரிய மாற்றம் இல்லை. நம் ஊரின் 32 டிகிரியோடு 22-ஐக் கூட்டிப் பாருங்கள்.

செய்து பாருங்கள்

1. பெரியவர் ஒருவர் உடனிருக்க, உங்கள் காரில் உள்வெப்ப உணரியையும் வெயில் உணரியையும் தேடுங்கள். ‘ஆட்டோ’ பொத்தான் இல்லாவிட்டால், திரையில் எண்கள் தெரிந்தாலும் அது தானியங்கி அமைப்பாக இல்லாமல் இருக்கலாம்.

2. கார் திறந்த வெளியில் நிற்கும்போது, நண்பகல் வெயிலில் வெயில் உணரியைக் கையால் மூடுங்கள். விசிறியின் ஓசை மாறுகிறதா, எவ்வளவு நேரத்தில் மாறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சட்டென்று மாறாது, மேகமோ மர நிழலோ கடக்கும்போதெல்லாம் விசிறி தடுமாறாமல் இருக்க, கணினி சற்றுப் பொறுத்தே முடிவெடுக்கும்.

3. வீட்டு ஏர்கோனின் நீர்க்குழாயடியில் அளவுக் குவளையை வைத்து, ஒரு மணி நேரத்தில் சேரும் நீரை அளந்து பாருங்கள். மழை நாளிலும் வெயில் நாளிலும் அளந்து ஒப்பிடுங்கள். ஒவ்வொரு கிராம் நீருக்கும் சுமார் 2.4 கிலோஜூல் என்று பெருக்கினால், நீராவிக்காக மட்டும் உங்கள் ஏர்கோன் அகற்றிய வெப்பம் கிடைத்துவிடும்.